குதிரைக்கு அறை, வண்டிக்கு வாடகை

குதிரை படுத்து எழும் அறையைவிட அது ஊர் போகும் வண்டிக்குக் கூடுதல் இடம் வேண்டும். நாடாவைப் பிடித்து அளந்தால் தெரிந்துவிடும். ஒரு குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி அறை தேவை என்கிறது பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி. அது 13 சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். இரண்டு குதிரை ஏற்றும் சாதாரண டிரெய்லரோ, இழுவைக் கம்பியோடு சேர்த்தால் நாலு மீட்டருக்கு மேல் நீளம், இரண்டு மீட்டருக்கு மேல் அகலம். பின்னால் ஏறுபலகையை இறக்க வேண்டும். முன்னால் காரை ஒட்டி நிறுத்திக் கொக்கி மாட்ட வேண்டும். பக்கத்து வண்டியில் உரசாமல் ஆள் நடந்து போக வேண்டும். ஆறு மீட்டருக்கு மூன்று மீட்டராவது விட்டால்தான் இதெல்லாம் நடக்கும். ஆக, 18 சதுர மீட்டர்.

குதிரைக்கு மாதாமாதம் வாடகை வாங்கிக்கொண்டு, வண்டியைக் கணக்கில் சேர்க்காமலே விட்ட லாயங்கள் இங்கிலாந்தில் பல. ஓரமாக நிறுத்திக்கொள்ளுங்கள் என்று வாய்வார்த்தையாகச் சொன்னதோடு சரி. வண்டிகள் பெருகி, ஓரம் நிரம்பி, ஒருநாள் ரசீதில் ‘டிரெய்லர் நிறுத்தம்’ என்று ஒரு வரி ஏறும்போது சச்சரவு தொடங்குகிறது. தொகை பெரிதாக இருக்காது. ஆனாலும் பல ஆண்டு நட்பு முறிந்து, குதிரையை வேறு லாயத்துக்கு ஓட்டிப் போகிற அளவுக்கு இது வளர்வதுண்டு.

சொந்தமாக நிலம் இல்லாதவர் தம் குதிரையை வாடகைக்கு விட்டுவைக்கும் இடத்துக்கு அங்கே ‘லிவரி யார்டு’ என்று பெயர். வாடகை லாயம் என்று சொல்லிக்கொள்ளலாம். லிவரி என்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல். கையில் கொடுப்பது, ஒப்படைப்பது என்று பொருள். பிரபுவின் வீட்டில் வேலையாட்களுக்கு அளந்து கொடுத்த துணிக்கும் குதிரைக்கு அளந்து போட்ட தீவனத்துக்கும் அந்த ஒரே சொல்தான். லண்டன் மாநகரின் பழைய கைவினைக் குழுமங்களை இன்றும் ‘லிவரி கம்பெனி’ என்பது அந்தத் துணியின் மிச்சம். குதிரை விடும் இடம் லிவரி யார்டு ஆனது அந்தத் தீவனத்தின் மிச்சம்.

இந்த லாயங்களில் பல வகை உண்டு. மேய்ச்சலுக்கு மட்டும் நிலம் கொடுப்பவை ஒரு வகை. அறையும் மேய்ச்சலும் கொடுத்துவிட்டு, தீவனம் வைப்பதையும் லத்தி அள்ளுவதையும் குதிரைக்காரரிடமே விட்டுவிடுபவை ‘டி.ஐ.ஒய்.’ லாயங்கள். பாதி வேலையை லாயத்தாரே செய்வது ‘பார்ட் லிவரி’. குளிப்பாட்டுவது முதல் போர்வை மாற்றுவது வரை எல்லாவற்றையும் செய்வது ‘ஃபுல் லிவரி’. செலவு குறைவு என்பதால் நடுத்தரக் குடும்பத்தார் பலர் டி.ஐ.ஒய். லாயத்தைத்தான் நாடுகிறார்கள். விடியும் முன்பே வந்து லத்தி அள்ளி, தண்ணீர் வைத்து, அங்கிருந்து நேராக வேலைக்குப் போகும் செவிலியர்களையும் ஆசிரியைகளையும் இத்தகைய லாயங்களில் பார்க்கலாம். குதிரை என்றதும் பணக்காரர் விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு இந்தக் காட்சி வியப்பாக இருக்கும். நிறுத்தக் கட்டணம் மாதம் 20 பவுண்டு என்றால், அது உறுத்துவதும் இவர்களுக்குத்தான்.

இவர்களுக்கு வண்டி எதற்கு? போட்டிக்குப் போக, கடற்கரையில் ஓட்ட, பயிற்சி எடுக்க, மருத்துவமனைக்குக் கொண்டு போக. குதிரையை ஏற்றிப் போகும் வழி ஒவ்வொருவர் ஓட்டுநர் உரிமத்தையும் பொறுத்தது. 1997 ஜனவரி 1-க்கு முன் கார் ஓட்டத் தேர்ச்சி பெற்றவர்கள், அந்த உரிமத்தை வைத்தே 7.5 டன் லாரி வரை ஓட்டலாம். அதற்குப் பின் வந்தவர்கள் லாரிக்குத் தனித் தேர்வு எழுத வேண்டும். கனமான டிரெய்லர் இழுக்கவும் தனித் தேர்வு வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் டிரெய்லர் தேர்வு நீக்கப்பட்டது. இப்போது சாதாரண கார் உரிமம் உள்ள எவரும் 3.5 டன் வரை எடையுள்ள டிரெய்லரை இழுக்கலாம். வேல்ஸ் நாட்டு ஐவர் வில்லியம்ஸ் நிறுவனத்தின் சாம்பல் நிற அலுமினிய டிரெய்லர்கள், கார் உரிமத்திலேயே ஓட்டக்கூடிய 3.5 டன் சிறு லாரிகள், பழைய உரிமக்காரர்களின் 7.5 டன் லாரிகள் என்று கலந்துகட்டி நிற்கும் இடம்தான் இன்றைய லாயத்தின் முற்றம்.

வீட்டு வாசலில் நிறுத்தக்கூடாதா என்றால், பலருக்கு முடியாது. வரிசை வீடுகள் பலவற்றில் முற்றம் என்று ஒன்று இருப்பதே இல்லை. புதிய குடியிருப்புகள் பலவற்றில் வீட்டுக்கு முன்னால் கேரவனோ டிரெய்லரோ நிறுத்தக்கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தெருவில் விடலாமென்றால், விளக்கு எரியாமல் டிரெய்லரை இரவில் சாலையில் நிறுத்தக்கூடாது என்கிறது பிரிட்டனின் சாலை விதி. கடைசியில் எல்லா வழியும் லாயத்தில்தான் வந்து முடிகிறது. குதிரை இருக்கும் இடத்தில் வண்டியும் இருப்பதுதான் இயல்பு என்று குதிரைக்காரர் நினைப்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

இனி லாயத்தார் பக்கத்துக் கணக்கு. இருபது குதிரை நிற்கும் ஒரு லாயத்தைக் கற்பனை செய்துகொள்வோம். பன்னிரண்டு டிரெய்லர், மூன்று லாரி. டிரெய்லருக்கு 18 சதுர மீட்டர், லாரிக்கு 40 என்று வைத்தால் நிற்க மட்டும் 336 சதுர மீட்டர் வேண்டும். திருப்பி எடுக்கவும் வழிவிடவும் ஏறத்தாழ அதே அளவு. மொத்தம் 700-ஐ நெருங்கும். ஏக்கரில் ஆறில் ஒரு பங்கு. ஒரு குதிரை ஆண்டு முழுவதும் மேய ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் வேண்டும் என்று பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி சொல்வதோடு ஒப்பிட்டால் ஆறில் ஒரு பங்கு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இது புல் முளைக்கும் நிலமாக இருந்தால் உதவாது. இங்கிலாந்துக் குளிர்காலத்தில் களிமண் வயலில் 7.5 டன் லாரியை நிறுத்தினால் சக்கரம் அச்சு வரை இறங்கிவிடும். டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும். அப்படி இழுத்த தடத்தில் அடுத்த கோடை வரை புல் வராது.

அதனால் தரையைக் கெட்டியாக்க வேண்டும். மேல்மண்ணை அள்ளி, துணி விரிப்பு போட்டு, அதன் மேல் உடைத்த கல்லைக் கொட்டி உருளை ஓட்ட வேண்டும். 700 சதுர மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் கனம் போட்டால் 105 கன மீட்டர், ஏறத்தாழ 200 டன் கல். இருபது டன் ஏற்றும் டிப்பர் பத்து நடை வர வேண்டும். வயலில் கல் கொட்டி நிறுத்துமிடம் ஆக்குவதற்குப் பெரும்பாலும் உள்ளூராட்சியின் திட்ட அனுமதியும் வேண்டும். விவசாய நிலத்துக்கும் கொட்டகைக்கும் உள்ள வணிகச் சொத்து வரி விலக்கு குதிரை வாடகைத் தொழிலுக்குக் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கல் போட்டதோடு வேலை முடிவதும் இல்லை. வெளிச்சம், வேலி, கதவுப் பூட்டு, கேமரா, பள்ளம் விழுந்த இடத்தில் மறுபடி கல்.

இதற்கு எவ்வளவு வருமானம்? டிரெய்லருக்கு மாதம் 20 பவுண்டு, லாரிக்கு 30 என்று கேட்டால், நம் கற்பனை லாயத்துக்கு மாதம் 330, ஆண்டுக்கு 3,960 பவுண்டு கிடைக்கும். 21 வயதுக்கு மேற்பட்ட தொழிலாளிக்குத் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி 2023-ல் மணிக்கு 10.42 பவுண்டு (அப்போது வயது வரம்பு 23), 2024-ல் 11.44, 2025 ஏப்ரலில் 12.21. அந்த 2025 கூலியில் கணக்கிட்டால், 3,960 பவுண்டு என்பது வாரத்துக்கு ஆறு மணி நேர ஆள்கூலி. லாயத்தார் இதில் மாளிகை கட்டிவிட மாட்டார் என்பதற்காகவே இந்தக் கணக்கு. அதே சமயம், உலர்புல்லும் மரத்தூளும் மின்சாரமும் ஏறிவிட்ட காலத்தில், ஓர் ஆளை வாரத்தில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள முடிவது சின்ன லாயத்துக்குச் சின்ன விஷயமும் இல்லை.

இதில் ஒரு வரி நுணுக்கம் உண்டு. வரிக்குரிய ஆண்டு வரவு 90,000 பவுண்டைத் தாண்டும் தொழில்கள் மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிவு செய்ய வேண்டும். ஒரு குறிப்பிட்ட அறையைக் குதிரைக்காரருக்கே உரியதாக வாடகைக்கு விடுவது நிலத்தை வாடகைக்கு விடுவது போல. அதற்கு வரி விலக்கு. மேயும் புல் கால்நடைத் தீவனம். அதற்கு வரி பூஜ்யம். வண்டி நிறுத்தும் வசதிக்கோ 20 விழுக்காடு. ஆகவே பதிவு பெற்ற லாயம் நிறுத்தத்துக்குத் தனிக் கட்டணமாக 20 பவுண்டு வாங்கினால், அதில் 3 பவுண்டு 33 பென்ஸ் அரசுக்குப் போய்விடும். சின்ன லாயங்கள் பெரும்பாலும் அந்த வரம்பை எட்டுவதில்லை. எட்டுபவர்கள் கட்டணத்தை அறிவிக்கும் முன் கணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

‘யானையை வாங்கியவர் அங்குசத்துக்குப் பேரம் பேசலாமா?’ என்று நம் ஊரில் கேட்பார்கள். குதிரை வைத்திருப்பவரிடம் இந்தக் கேள்வியைப் போடுவது எளிது. அவர் ஆதங்கம் வேறு இடத்தில் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்ட பிறகு என் வண்டிக்கு நீங்கள் என்ன பொறுப்பு என்பதுதான் அவர் கேட்பது. இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்லாத லாயம் கட்டணம் வாங்கக் கூடாது.

சட்டத்தின் பதில் பலருக்கு அதிர்ச்சி தரும். 1937-ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. சவுத்எண்ட் கடற்கரை ஊரில் ஒருவர் ஒரு ஷில்லிங் கொடுத்து, சீட்டு வாங்கி, தனியார் நிறுத்துமிடத்தில் காரை விட்டுப் போனார். திரும்பி வந்தபோது கார் இல்லை. சீட்டே இல்லாமல் வந்து கேட்ட யாரோ ஒருவரிடம் காவலாள் காரைக் கொடுத்து அனுப்பியிருந்தார். ஆனாலும் நிறுத்துமிடத்தாருக்கு எதிராகத் தீர்ப்பு வரவில்லை. அவர்கள் காரைக் காவலுக்கு ஏற்கவில்லை, தங்கள் நிலத்தில் நிறுத்திக்கொள்ள அனுமதி மட்டும் கொடுத்தார்கள் என்றது நீதிமன்றம். அந்த ஷில்லிங், மண்ணுக்கான காசு. காவலுக்கான காசாக அது கருதப்படவில்லை.

குதிரைக்கு நிலைமை வேறு. தீவனம் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று குதிரையைக் கையில் ஏற்றுக்கொள்ளும் லாயம், அதை நியாயமான கவனத்தோடு பேணியே ஆகவேண்டும். ஆக, ஒரே முற்றத்தில் ஒரே ஆளிடம் ஒரே ரசீதில் காசு கட்டியும், குதிரை லாயத்தின் காவலில் இருக்கலாம், பக்கத்தில் நிற்கும் டிரெய்லருக்குக் காவலே இல்லாமல் போகலாம். லாயத்தார் எடுக்கும் பொறுப்புக் காப்பீடும் பெரும்பாலும் குதிரைகளுக்குத்தான். வாடிக்கையாளரின் வண்டிகள் அதில் வருவதில்லை. டிரெய்லர் திருட்டு பிரிட்டிஷ் கிராமங்களில் வாடிக்கையான தொல்லை. காரில் மாட்டி இழுத்துப் போய்விட்டால் நாலு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சக்கரப் பூட்டும் கொக்கிப் பூட்டும் போட்டிருந்தால்தான் இழப்பீடு என்று பல காப்பீட்டுப் பத்திரங்கள் நிபந்தனை வைக்கின்றன. ‘உரிமையாளர் பொறுப்பில் நிறுத்தவும்’ என்று பலகை மாட்டிவிட்டால் லாயத்தார் கை கழுவிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, நியாயமற்ற நிபந்தனை வாடிக்கையாளரைக் கட்டுப்படுத்தாது. லாயத்தின் கவனக்குறைவால் ஆளுக்குக் காயமோ சாவோ நேர்ந்தால் எந்தப் பலகையும் காப்பாற்றாது.

இதனால்தான் எழுதி வைக்க வேண்டும் என்று இந்தத் தொழிலில் பழுத்தவர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். குதிரை வாடகைக்கே எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத லாயங்கள் இருக்கின்றன. சவாரி கற்றுத்தரும் பள்ளிக்கு உரிமம் வேண்டும்; வாடகை லாயத்துக்கு இங்கிலாந்தில் அப்படித் தனி உரிமம் ஏதும் இல்லை. கேட்பார் இல்லாததால் பழக்கம்தான் சட்டமாக நிற்கிறது. எந்த வண்டி, எந்த இடம், மாதம் எவ்வளவு, எந்தப் பூட்டு, காப்பீடு யாருடையது, கட்டணம் உயர்ந்தால் எத்தனை வாரம் முன்பே சொல்ல வேண்டும், குதிரை போனால் வண்டி எத்தனை நாளில் போக வேண்டும் என்ற இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

கடைசிக் கேள்வியைப் பெரிதுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. எந்தப் பழைய லாயத்தின் பின்புறத்திலும் கைவிட்ட டிரெய்லர் ஒன்றாவது நிற்கும். சக்கரத்தில் காற்று இருக்காது. முட்செடி அச்சைச் சுற்றியிருக்கும். பிரிட்டனில் இத்தகைய டிரெய்லருக்குச் சொந்தப் பதிவெண் கிடையாது. இழுக்கும் காரின் எண்ணைத்தான் மாட்டிக்கொள்கிறது. அந்தப் பலகையைக் கழற்றிவிட்டால் யாருடையது என்று எந்தப் பதிவேட்டிலும் தேட முடியாது. ஆண்டுதோறும் தகுதிச் சோதனைக்குக் கொண்டு போக வேண்டிய கட்டாயமும் அதற்கில்லை. லாரிக்குப் பதிவெண் உண்டு. ஆனால் சாலையில் ஓடவில்லை என்று அறிவித்துவிட்டால் சாலை வரியும் இல்லை. ‘சோர்ன்’ எனப்படும் அந்த அறிவிப்புக்கு ஒரே நிபந்தனை, வண்டி பொதுச் சாலையில் நிற்கக் கூடாது என்பது. அதற்கு வாகான இடம் லாயம்தான்.

வாடகை பாக்கியோடு குதிரையை மட்டும் கூட்டிக்கொண்டு போய்விட்டவரின் வண்டியை லாயத்தார் நினைத்தபடி விற்றுவிடவும் முடியாது. 1977-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி காட்டுகிறது: உரியவருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு கொடுக்க வேண்டும், அவர் பணம் தர வேண்டியிருந்தால் மூன்று மாதமாவது காத்திருக்க வேண்டும், அதன் பிறகுதான் விற்பனை. முகவரியே தெரியாத ஆளுக்கு எங்கே தபால் போடுவது? மாதக் கட்டணம் இருந்தால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பெயர், ஒரு முகவரி, ஒரு வங்கி வரவு பதிவாகிவிடும். லாயத்தாருக்குப் பணத்தைவிட இதுவே பெரிய ஆதாயம் என்று தோன்றுகிறது.

கட்டணம் வைத்த உடனே சில வண்டிகள் தாமாகவே காலியாகும். ஆண்டுக்கு இரண்டு முறை ஓடும் டிரெய்லருக்கு மாதாமாதம் காசு கட்டுவானேன் என்று விற்றுவிடுவார்கள். இருவர் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொள்வார்கள். தேவைப்பட்ட நாளில் 3.5 டன் லாரியை வாடகைக்கு எடுத்து ஓட்டிக்கொள்வார்கள். நின்றே கிடக்கும் வண்டி குதிரைக்கும் ஆபத்து. ரப்பர் விரிப்புக்கு அடியில் மூத்திரம் ஊறி மரத்தரை இற்றுப்போகும். அலுமினியத் தரையும் அரித்துப்போகும். 500, 600 கிலோ எடையுள்ள விலங்கு ஓடும் வண்டியில் தரை உடைந்து காலை விட்டால் என்ன ஆகும் என்பதை எழுதவே கை வரவில்லை. நிறுத்தக் கட்டணத்தோடு, ஆண்டுக்கு ஒருமுறை தரையைச் சோதித்த சீட்டைக் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கும் லாயத்தார், அந்தக் காசுக்குத் தகுதியானவர்.

லாயத்துக்கு லாயம் வழிமுறை மாறுகிறது. ஒரு குதிரைக்கு ஒரு டிரெய்லர் இலவசம், இரண்டாவது வண்டிக்கும் லாரிக்கும் மட்டும் கட்டணம் என்று வைப்பவர்கள் உண்டு. குதிரை வாடகையிலேயே சேர்த்து, தனியாகக் காட்டாமல் விடுபவர்களும் உண்டு; இதில் வண்டியே இல்லாதவர் பிறர் வண்டிக்காகக் காசு கட்டுகிறார். மாதம் 5 பவுண்டு ஏறினாலும் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. தனி வரியாக எழுதுவதில் சண்டை வரலாம், ஆனால் யாரும் ஏமாறுவதில்லை. வெளியாட்களின் கேரவன்களுக்கு இடம் கொடுத்து ஆண்டு வாடகை வாங்கும் பண்ணைகள் இங்கிலாந்தில் நிறைய. வேலி, காவல், கேமரா பார்த்து அவற்றுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுக்கும் கேரவன் நிறுத்துமிடச் சங்கமே இருக்கிறது. வாடிக்கையாளரின் டிரெய்லருக்குக் காசு கேட்கும் லாயத்தாரும் ஏறத்தாழ அந்தத் தொழிலுக்குள்தான் கால் வைக்கிறார்.

ஆனால் கேரவன் காப்பகத்தில் டிரெய்லரை விட்டால் போதாதா என்று கேட்பவர்கள், குதிரைக்கு இரவில் வயிற்றுவலி வந்து பார்த்திருக்க மாட்டார்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. குடல் முறுக்கிக்கொண்டால் தரையில் புரண்டு, வியர்த்து, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். கால்நடை மருத்துவர் வந்து, அறுவை செய்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டால் கையில் இருப்பது சில மணி நேரம். லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் லீஹர்ஸ்ட் மருத்துவமனைக்கோ, நியூமார்க்கெட்டில் உள்ள குதிரை மருத்துவமனைக்கோ, ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள ராயல் வெட்டரினரி கல்லூரிக்கோ அப்போதே புறப்பட வேண்டும். ஐந்து மைல் தள்ளி, மாலை ஆறு மணிக்குக் கதவு பூட்டும் காப்பகத்தில் நிற்கும் வண்டி அந்த இரவில் இருந்தும் இல்லாததுதான்.

அதனால், வரிசையாக ஒட்டி நிறுத்தி இடம் மிச்சம் பிடிக்கும் லாயத்தில்கூட, வாசலை ஒட்டிய ஒரு கட்டத்தை வேறு எந்த வண்டிக்கும் கொடுக்காமல் வைத்திருப்பது நல்ல வழக்கம். அதில் ஒரே ஒரு டிரெய்லர் நிற்கும்: இழுவைக் கம்பி சாலையைப் பார்த்து, சக்கரத்தில் காற்று சரியாக, தரை சோதித்து, உள்ளே உலர்புல் வலை கட்டி. பூட்டுச் சாவி சேண அறைச் சுவரில் ஆணியில் தொங்கும். லாயத்தில் உள்ள எல்லாருக்கும் அந்த ஆணி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.